30 நாளில் மறையும் படம்!

இங்கிலாந்தில் ஒரு குடும்பம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா பஸ் டிரைவர். இரவு வேலை. அம்மா ஆஸ்பத்திரியில் நர்சு. வீட்டில் 10 வயதுப் பையன் ஒருவன். அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி.

செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்கு டெலிவிஷனில் ஒரு நல்ல படம். திமிங்கலங்களைப் பற்றியது. பையனுக்குத் திமிங்கலம் என்றால் உயிர். ஆனால் 9 மணிக்கு அவன் தூங்க வேண்டும். காலையில் பள்ளிக்கூடம். அப்பா பஸ் ஓட்டிக்கொண்டு இருப்பார். அம்மா நோயாளிகளைக் கவனித்துக்கொண்டு இருப்பார். பாட்டியோ 8 மணிக்கே கண் அயர்ந்துவிடுவார்.

படம் ஓடுகிறது. 10 மணிக்கு முடிகிறது. அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

பஸ்சைத் தவறவிட்டால் அடுத்த பஸ் வரும். டெலிவிஷன் படத்தைத் தவறவிட்டால்? மறுபடியும் எப்போது போடுகிறார்களோ, அப்போதுதான். போடாமலே விட்டுவிட்டால், போனது போனதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க, பி.பி.சி. 2007-ம் ஆண்டில் ஒரு வழி செய்தது. அதன் பெயர் ஐபிளேயர். தவறவிட்ட நிகழ்ச்சியை இன்டர்நெட் மூலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம். அதாவது, டவுன்லோடு செய்துகொள்ளலாம். பிறகு சவுகரியமான நேரத்தில் பார்க்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். அதை நான் குறை கூற வரவில்லை. ஆனால் அதில் ஒரு பூட்டு இருந்தது. அந்தப் பூட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வெள்ளோட்டம்

புதிய கப்பலைக் கடலில் விடுமுன் வெள்ளோட்டம் பார்ப்பார்கள். ஐபிளேயருக்கும் வெள்ளோட்டம் நடந்தது.

முதலில், 2005-ம் ஆண்டின் கடைசியில், சுமார் 5 ஆயிரம் பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு 2007-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி பொதுமக்களுக்கு வெள்ளோட்டம் தொடங்கியது.

சோதித்துப் பார்க்க விரும்பியவர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அனுமதி வரும் வரை காத்திருக்க வேண்டும். அனுமதி வந்ததும், அதற்கென்று உள்ள சாதனத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்க்கிற சாதனம் அல்ல அது. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற மென்பொருள்.

அதற்குப் பிறகு, கடந்த 7 நாட்களில் ஒளிபரப்பான நிகழ்ச்சிகளின் பட்டியல் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால், அது மெல்ல மெல்ல வந்து சேரும். சிலருக்கு அரை மணி நேரத்தில் வரும். சிலருக்குச் சில மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வருகிற இன்டர்நெட் கம்பியின் வேகத்தைப் பொறுத்தது அது.

தொடக்கத்தில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அது வேலை செய்யவில்லை. "விண்டோஸ் எக்ஸ்.பி." இருந்தால்தான் வேலை செய்யும். ஆப்பிள் கம்பெனியின் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு இல்லை. "லினக்ஸ்" வைத்திருந்தவர்களுக்கும் இல்லை.

"நாங்களும்தானே கட்டணம் கட்டுகிறோம்? எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று அவர்கள் கேட்டார்கள். பிரதம மந்திரி அலுவலகத்துக்கு மனு போயிற்று. அதில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

கேள்வி நியாயமானது. பதில் வரத் தாமதம் ஆயிற்று. 2007 டிசம்பரில், இறக்காமல் அப்படியே ஓடவிட்டுப் பார்க்கும் வசதி எல்லோருக்கும் வந்தது. அவர்களுக்கும் இறக்கிக்கொள்ளும் வசதி 2008 டிசம்பரில்தான் வந்தது.

பூட்டும் சாவியும்

இனி பூட்டுக்கு வருவோம்.

நம் பையனின் திமிங்கலப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அப்பா அதை இறக்கிவிட்டார். படம் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. அவர் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆனால் அது அவருடையதா?

இல்லை!

படத்தைச் சுற்றி ஒரு பூட்டு. இரும்புப் பூட்டு அல்ல, கணக்குப் பூட்டு. படத்தின் எழுத்துகளை எல்லாம் கலைத்து, மாற்றி வைத்திருப்பார்கள். சாவி இருந்தால்தான் அது படமாகத் தெரியும். சாவி இல்லாவிட்டால் வெறும் குப்பை.

அந்தச் சாவிக்கு ஒரு கெடு உண்டு. இறக்கிய நாளில் இருந்து 30 நாள். அதற்குள் பார்த்தாக வேண்டும். பார்க்கத் தொடங்கிவிட்டாலோ, 7 நாள்தான். அதற்குப் பிறகு சாவி திறக்காது. படம் மறைந்துவிடும்.

பையன் முதல் பாதியைப் பார்த்தான். அதற்குள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான் என்று வையுங்கள். 8-வது நாள் எழுந்து வந்து பார்த்தால், படம் இல்லை. திமிங்கலம் கடலுக்குத் திரும்பிவிட்டது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த வெள்ளோட்டக் காலத்தில், படங்கள் பி.பி.சி.யின் இயந்திரத்தில் இருந்து மட்டும் வரவில்லை. ஒருவர் இறக்கிய படத்தின் துண்டுகள், அவர் கம்ப்யூட்டரில் இருந்து இன்னொருவருக்குப் போகும். அங்கிருந்து வேறொருவருக்குப் போகும். திருவிழாவில் தண்ணீர்க் குடத்தைக் கை மாற்றிக் கொடுப்பது போல.

அதாவது, படத்தை ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மக்களின் கம்ப்யூட்டர் வேண்டும். மக்களின் கம்பி வேண்டும். மக்களின் கரண்டும் வேண்டும். ஆனால் மக்கள் அதை வைத்துக்கொள்ளக் கூடாது! 2008-ம் ஆண்டோடு இந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். பூட்டைக் கைவிடவில்லை.

கெடுவை யார் வைத்தது?

30 நாள் என்ற கணக்கு எப்படி வந்தது?

பி.பி.சி. முதலில் கேட்டது 13 வாரம். அதாவது 3 மாதம். அப்போது பி.பி.சி.யை மேற்பார்வை பார்த்தது, "பி.பி.சி. டிரஸ்ட்" என்ற அமைப்பு. அது 13 வாரத்தை 30 நாளாகக் குறைத்தது. 2007 ஏப்ரல் 30-ந் தேதி அனுமதி கொடுத்தபோது இப்படித்தான் முடிவாயிற்று.

ஏன் குறைத்தார்கள்? மக்கள் நெடுநாள் வைத்துக்கொண்டால், கடையில் விற்கும் "டி.வி.டி." வியாபாரம் கெட்டுவிடும், போட்டிக் கம்பெனிகளும் பாதிக்கப்படும் என்ற கவலை.

வியாபாரிகளின் கவலையைக் கேட்டது சரிதான். ஆனால் பஸ் டிரைவரின் கவலையும் இருக்கிறதே! 30 நாளில் எத்தனை நாள் அவருக்கு ஓய்வு? எத்தனை நாள் வீட்டார் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியும்?

யார் பணம்?

இது வெறும் வியாபாரப் பேச்சாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கடைக்காரர் சரக்கு, அவர் வைத்ததே சட்டம் என்று விட்டிருப்பேன். ஆனால் பி.பி.சி. கடை அல்ல.

பிரிட்டனில் டெலிவிஷன் பார்க்கிற ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு ஒரு முறை லைசென்சுக் கட்டணம் கட்ட வேண்டும். ஐபிளேயர் வெள்ளோட்டம் தொடங்கியபோது, அது 135 பவுண்டு 50 பென்ஸ். 2025 ஏப்ரலில் 174 பவுண்டு 50 பென்ஸ் ஆயிற்று. கட்டாமல் பார்த்தால் குற்றம். இங்கிலாந்தில் ஆயிரம் பவுண்டு வரை அபராதம் போடலாம்.

2016 செப்டம்பர் 1-ந் தேதி முதல், ஐபிளேயரில் பி.பி.சி. நிகழ்ச்சி பார்க்கவும் லைசென்சு வேண்டும் என்று சட்டம் வந்தது. வீட்டில் டெலிவிஷன் பெட்டியே இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும்.

பணக்காரரும் அதே கட்டணம் கட்டுகிறார். பஸ் டிரைவரும் அதே கட்டணம் கட்டுகிறார். அந்தப் பணத்தில்தான் திமிங்கலப் படம் எடுக்கிறார்கள்.

ஊரார் பணம் போட்டுக் குளம் வெட்டினால், தண்ணீர் யாருக்குச் சொந்தம்? "குடிக்கலாம், ஆனால் குடத்தில் எடுத்துப் போகக் கூடாது" என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

முன்பு பூட்டு இல்லை

நினைவு இருக்கிறதா? ஒரு காலத்தில் வீடுகளில் "வீடியோ கேசட்" இருந்தது. டெலிவிஷனில் ஓடும் நிகழ்ச்சியை அதில் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு பார்க்கலாம். 10 ஆண்டு கழித்தும் பார்க்கலாம். அலமாரியில் இருக்கும் கேசட், 30-வது நாளில் தானாக அழிந்துபோனதாகக் கேள்விப்பட்டது உண்டா?

அதையும் தடுக்கப் பார்த்தார்கள். அமெரிக்காவில் சினிமாக் கம்பெனிகள், கேசட் கருவி செய்த "சோனி" கம்பெனி மேல் வழக்குப் போட்டன. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1984-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம். 4 நீதிபதிகள் மறுபக்கம். "வீட்டில் ஒருவர் தனக்குச் சவுகரியமான நேரத்தில் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றம் அல்ல" என்பதே தீர்ப்பின் சாரம். ஒரே ஒரு ஓட்டில் பிழைத்தது பொதுமக்களின் உரிமை!

பிரிட்டனிலும் 1988-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வதை அனுமதித்தது.

ஆக, பழைய கருவி கொடுத்த உரிமையைப் புதிய கருவி குறைத்துவிட்டது. கருவி வளர்ந்தது. உரிமை தேய்ந்தது.

அழிந்துபோன நாடாக்கள்

"வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? பார்த்தாயிற்று, விட்டுவிட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்கலாம்.

அவர்களுக்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன்.

"டாக்டர் ஹூ" என்பது பி.பி.சி.யின் புகழ்பெற்ற தொடர். காலத்தைக் கடந்து பிரயாணம் செய்யும் ஒருவரின் கதை. 1963-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி தொடங்கியது. பிள்ளைகள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்ப்பார்கள் என்று சொல்வது உண்டு. அவ்வளவு பயம்! அவ்வளவு ஆசை!

ஆனால் அந்தத் தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை பி.பி.சி.யே அழித்துவிட்டது. நாடாவின் விலை அதிகம். அழித்துவிட்டால் அதிலேயே வேறு நிகழ்ச்சி பதிவு செய்யலாம். மறு ஒளிபரப்புக்கும் ஒப்பந்தப்படி வரம்பு உண்டு. பிறகு கலர் டெலிவிஷன் வந்தது. "கறுப்பு வெள்ளைப் படத்தை இனி யார் பார்க்கப்போகிறார்கள்?" என்ற எண்ணம் வந்தது. அழித்தார்கள்.

1969-ம் ஆண்டு மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அன்று இரவு முழுவதும் பி.பி.சி. ஸ்டுடியோவில் இருந்து நிகழ்ச்சி நடந்தது. நாடே கண் விழித்துப் பார்த்தது. அந்த ஸ்டுடியோ நிகழ்ச்சியின் பெரும்பகுதி இன்று இல்லை.

அழிந்ததில் கொஞ்சமாவது எப்படித் திரும்பக் கிடைத்தது? அதுதான் முக்கியம்.

"டாக்டர் ஹூ" ஓடும்போது, ரசிகர்கள் சிலர் வீட்டில் "டேப் ரிக்கார்டர்" வைத்து ஒலியைப் பதிவு செய்தார்கள். படம் பிடிக்க வழி இல்லை. குரலையாவது பிடித்து வைத்தார்கள். அதனால்தான், படம் அழிந்துபோன பகுதிகளின் ஒலி முழுவதும் இன்று இருக்கிறது. காப்பாற்றியது கழகம் அல்ல. வீட்டில் இருந்த சாதாரண மனிதர்கள்!

2013-ம் ஆண்டில் இன்னொரு அதிசயம். ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில், ஜோஸ் என்ற ஊரில், ஒரு டெலிவிஷன் நிலையத்தில் பழைய பிலிம் சுருள்கள் இருந்தன. அவற்றில், காணாமல் போயிருந்த 9 பகுதிகள் கிடைத்தன. லண்டனில் இல்லாதது நைஜீரியாவில் இருந்தது. எப்போதோ அனுப்பிய பிரதியை யாரும் அழிக்கவில்லை, அதனால் இருந்தது.

"டாட்ஸ் ஆர்மி" என்ற நகைச்சுவைத் தொடரின் 2 பகுதிகள் 2001-ம் ஆண்டில் கிடைத்தன. எங்கே? ஒருவர் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில்! குப்பை என்று போட்ட பிலிமை எடுத்து வைத்திருந்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஒலி நாடாவுக்கும், அந்தப் பிலிமுக்கும் 30 நாள் கெடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பி.பி.சி. இப்போது தன் நிகழ்ச்சிகளை முறையாகக் காப்பகத்தில் வைக்கிறது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே பெட்டியில் வைத்த நகைக்கு ஒரே ஆபத்து போதும். பல வீடுகளில் இருக்கும் பொருள் அவ்வளவு சுலபத்தில் அழியாது. பாட்டி சொன்ன கதை ஏன் பிழைத்திருக்கிறது? பல வாய்களில் இருந்ததால்தானே?

கலைஞர்களின் நியாயம்

எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நிகழ்ச்சியில் நடிகர் இருக்கிறார். கதை எழுதியவர் இருக்கிறார். பாட்டு அமைத்தவர் இருக்கிறார். நிகழ்ச்சியை மறுபடியும் காட்டும்போதும், பிரதியை விற்கும்போதும் அவர்களுக்குப் பணம் கிடைக்கிறது. எல்லோருக்கும் இலவசமாக, என்றென்றைக்கும் கொடுத்துவிட்டால், அவர்கள் வயிற்றில் அடித்ததாக ஆகும். நாளைக்கு வேலை இல்லாத கலைஞருக்கு, நேற்றைய வேலையில் இருந்து வரும் 10 பவுண்டும் பெரிது.

இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் அதற்கு வழி என்ன? விலை வைத்து விற்கலாமே! அப்படியும் ஒரு முறை செய்தார்கள். 2015 நவம்பரில் "பி.பி.சி. ஸ்டோர்" என்று ஓர் இன்டர்நெட் கடை திறந்தார்கள். நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கலாம். இது கெடு வைத்த இரவல் அல்ல, வாங்கியது என்றுதான் மக்கள் நினைத்தார்கள்.

2 ஆண்டுதான். 2017 நவம்பர் 1-ந் தேதி கடையை மூடிவிட்டார்கள். வாங்கிய நிகழ்ச்சிகளையும் அதற்கு மேல் பார்க்க முடியாது என்று ஆயிற்று. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது நாணயமான செயல். ஆனால், கடை மூடினால் வீட்டில் இருக்கும் பொருளும் போய்விடும் என்றால், அதை வாங்கியது என்று எப்படிச் சொல்வது?

பாத்திரக் கடை மூடியதற்காக, நம் வீட்டு அண்டாவை யாராவது தூக்கிக்கொண்டு போவார்களா?

என்ன செய்யலாம்?

நான் சொல்வது பெரிய காரியம் அல்ல. நிகழ்ச்சிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது: வெளியாரிடம் விலைக்கு வாங்கிய சினிமாப் படங்கள், விளையாட்டுப் போட்டிகள். இவற்றுக்குக் கெடு இருக்கட்டும். அவை பி.பி.சி.யின் சொந்தச் சரக்கு அல்ல.

இரண்டாவது: நாடகங்கள், தொடர்கள். இவற்றில் கலைஞர்களின் பங்கு இருக்கிறது. நெடுநாள் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஒரு சிறு தொகை கொடுக்கட்டும். அது கலைஞருக்குப் போகட்டும். ஆனால் கொடுத்த பிறகு பூட்டு இருக்கக் கூடாது. கடை மூடினாலும் பொருள் அவரிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது: லைசென்சுப் பணத்திலேயே, பி.பி.சி.யே தயாரித்த செய்திப் படங்கள், பிள்ளைகளுக்கான பாடங்கள், இயற்கையைப் பற்றிய படங்கள். இவற்றை மக்கள் இறக்கி வைத்துக்கொள்ளட்டும். கெடு வேண்டாம். பூட்டு வேண்டாம்.

இது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. பி.பி.சி.யே ஒரு முறை செய்து பார்த்திருக்கிறது. 2005-ம் ஆண்டில் "கிரியேட்டிவ் ஆர்க்கைவ்" என்று ஒரு திட்டம் தொடங்கியது. சுமார் 500 சிறு படத் துண்டுகளைக் கொடுத்தார்கள். பிரிட்டன் மக்கள் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளலாம். வெட்டி ஒட்டிப் புதிய படம் செய்யலாம். வியாபாரம் மட்டும் செய்யக் கூடாது. திறந்த பல்கலைக்கழகமும் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தது.

2006-ம் ஆண்டில் அந்தச் சோதனை முடிந்தது. அதற்குப் பிறகு தொடரவில்லை. மறுவருடம் பூட்டோடு கூடிய ஐபிளேயர் வந்தது. ஒரு கதவைச் சாத்திவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்தார்கள்.

ஜன்னல் பெரிதாயிற்று

அந்த ஜன்னல் பிறகு பெரிதாகி இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 2014-ம் ஆண்டில், 7 நாள் என்பது 30 நாள் ஆயிற்று. 2019-ம் ஆண்டில், பல நிகழ்ச்சிகளை ஓர் ஆண்டு வரை வைத்திருக்க அனுமதி கிடைத்தது. இன்று பெரும்பாலானவர்கள் இறக்கிக்கொள்வதே இல்லை. அப்படியே ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

பஸ் டிரைவரின் மகன் இன்று திமிங்கலப் படத்தைத் தவறவிட மாட்டான். நல்லதுதான். ஆனால், பார்க்கும் உரிமை வளர்ந்திருக்கிறதே தவிர, வைத்துக்கொள்ளும் உரிமை வளரவில்லை. செல்போனில் இறக்குகிற நிகழ்ச்சிக்கு இன்றும் கெடு உண்டு. எப்போது காட்டுவது, எப்போது எடுத்துவிடுவது என்பதை முடிவு செய்கிறவர் வேறொருவர்.

அந்தப் பையன் வளர்ந்து பெரியவன் ஆவான். அவனுக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். "நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு திமிங்கலப் படம் பார்த்தேன். வா, காட்டுகிறேன்" என்று கூப்பிட அவனுக்கு ஆசை இருக்காதா?

அந்தப் படத்துக்கு அவன் அப்பா பணம் கட்டினார். இரவெல்லாம் பஸ் ஓட்டிச் சம்பாதித்த பணம். அதற்குரிய ஒரு பிரதி அவர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அதற்குச் சாவி வேண்டாம்.